பதற்றமா? முதலில் அடை, அப்புறம்தான் அறிவுரை!

சென்ற வாரம் தூக்கமின்மை பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் நாலைந்து பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள். எல்லாரும் பெண்கள், எல்லாரும் கிறிஸ்தவர்கள். "தினமும் ஜெபம் பண்றேன், வேதம் வாசிக்கிறேன். ஆனாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு முழிப்பு வந்துடுது. என் விசுவாசத்துல ஏதாவது குறையா?"

பதற்றத்தைவிட இந்தக் கேள்விதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது என்பது அந்த வரிகளிலேயே தெரிந்தது. மகன் பிளஸ் டூ பரீட்சை என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். பயப்படுகிறேனே, கடவுள் என்ன நினைப்பார் என்ற பயம் இன்னொரு பக்கம். ஒன்றுக்கு இரண்டு சுமை!

இப்படிக் கவலைப்படுகிறவர்களிடம் உடனே எடுத்து நீட்டப்படும் வசனம் ஒன்று உண்டு. பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் 4-ம் அதிகாரத்தில், எதைப் பற்றியும் கவலைப்படாதீர்கள் என்று வரும் இடம். பலரும் அதன் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். மறுபாதியில்தான் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது: உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை நன்றியோடு கடவுளிடம் சொல்லுங்கள் என்கிறார். சொல்வதற்கு மனதில் ஏதாவது இருந்தால்தானே சொல்ல முடியும்? அதை எழுதியபோது பவுலே காவலில் இருந்தார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்திலோ, தான் வாங்கிய அடிகளையும் கப்பல் சேதங்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, சபைகளைப் பற்றிய கவலை தினமும் தன்னை அழுத்துகிறது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். பவுலுக்கே இருந்த கவலை நமக்கு இருந்தால் பாவமா என்ன?

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தவர் எலியா. 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம். கர்மேல் மலையில் நூற்றுக்கணக்கான பாகால் தீர்க்கதரிசிகளை எதிர்த்துத் தனி ஆளாக நின்று ஜெயித்தவர், அடுத்து யேசபேல் ராணியிடமிருந்து ஒரு கொலை மிரட்டல் வந்ததும் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் முழுக்க நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, 'போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்ற பொருளில் கேட்கிறார். கேட்டுவிட்டு அப்படியே தூங்கிப் போகிறார்.

அங்கே வந்த தேவதூதன் என்ன செய்தான் தெரியுமா? 'நீ எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி, இப்படிப் பேசலாமா' என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. (தமிழ் வேதாகமத்தில் 'அடை' என்றே இருக்கிறது. நம் வீட்டு அடை மாதிரி முருங்கைக்கீரை எல்லாம் போட்டிருக்காது என்றாலும், அந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பசிக்கும்.) எலியா சாப்பிட்டார், மறுபடி படுத்துவிட்டார். அதற்கும் திட்டு விழவில்லை. தூதன் இரண்டாம் முறை எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான். அதன் பிறகுதான் 40 நாள் நடை, ஓரேப் மலை, கடவுளின் பேச்சு எல்லாம். அந்தப் பேச்சும்கூடக் காற்றிலோ பூமியதிர்ச்சியிலோ நெருப்பிலோ வரவில்லை, மெல்லிய சத்தமாகத்தான் வந்தது.

சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு, அப்புறம் பேச்சு. வீட்டில் யாராவது பதறிப்போய் உட்கார்ந்திருந்தால் நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

சரி, ஜெபம் எப்படித்தான் ஆறுதல் தருகிறது? திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்புறம் ஆச்சியின் ஜெபம். ஆச்சி பொத்தாம்பொதுவாக ஜெபிக்க மாட்டாள். கிணற்று மோட்டார் ரிப்பேர், மாமாவின் கூட்டுறவுச் சங்கக் கடன், என் கணக்குப் பரீட்சை, பக்கத்து வீட்டு அக்காவின் பிரசவம் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்பாள். சோறு ஆறிப்போகிறதே என்று எங்களுக்கு எரிச்சலாக வரும். ஆனால், மனதுக்குள் பெரிய மூட்டையாகக் கிடந்த பயம், வாய்விட்டுச் சொன்னதும் ஏழெட்டு விஷயங்களாகப் பிரிந்துவிடும். அதில் நாளைக்கு நாம் செய்யக்கூடியது எது, நம் கையில் இல்லாதது எது என்பதும் தெரிந்துவிடும். கையில் இல்லாததை ஆச்சி கடவுளிடம் விட்டுவிட்டு எழுந்து போய்ச் சோறு போடுவாள்.

பேச வார்த்தை வராத நாட்களுக்குச் சங்கீதப் புத்தகம் இருக்கிறது. கத்தோலிக்க வீடுகளில் திருப்பாடல்கள் என்பார்கள். 150-ம் துதிப் பாடல்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அழுகையும் முறையீடும் ஏராளம். 13-ம் சங்கீதம் ஆறே வசனம்தான், அதற்குள் 'எதுவரைக்கும்' என்று நாலு முறை கேட்கிறது. 88-ம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபம் என்றுதானே வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள்!

ஜெபமாலை சொல்லும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். லூச்சியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் அவரது குழுவினரும் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. மரியன்னை ஜெபத்தை லத்தீனில் சொல்லும்போது மூச்சு தானாகவே மெதுவாகி, நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு வந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்துக்கும் அதே பலன். அதில் கலந்துகொண்டவர்கள் ஆரோக்கியமானவர்கள், எனவே இதைப் பதற்ற நோய்க்கு மருந்து என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், படபடப்பின்போது மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் போகும். அந்த நேரத்தில் ஒரே சீராக, நிதானமாகச் சொல்லும் சிறிய ஜெபம் உடம்பையும் கொஞ்சம் அமர்த்தும் என்பதில் ஆச்சரியமில்லை.

இனி, நான் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம். ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்த தோழிக்குப் பேனிக் அட்டாக் வரும். கை சில்லிட்டு, மூச்சு முட்டி, செத்துப்போகப் போகிறேன் என்று நினைப்பாள். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் நன்றாகத் தேறி வந்தாள். ஒரு ஜெபக்கூட்டத்தில் பேச வந்தவர், "விசுவாசம் இருக்கிறவங்களுக்கு மாத்திரை எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே நிறுத்தினாள். பத்து நாளில் வேலைக்குப் போக முடியாத நிலைமை. அவளை மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போனது யார் தெரியுமா? அவள் சபைப் போதகரின் மனைவி. ஆட்டோவில் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தபடியே கூட்டிப் போனார். இப்போது அவள் ஜெபிக்கவும் செய்கிறாள், மாத்திரையும் போடுகிறாள்.

இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்துவது, குறைப்பது எல்லாம் மருத்துவர் சொல்லித்தான். ஜெபத்துக்கும் மருத்துவத்துக்கும் சண்டை என்று யாராவது சொன்னால் வேலூர் சி.எம்.சி-யைக் காட்டுங்கள். ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி மருத்துவர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது அது. அங்கே மனநலத்துக்கென்றே பாகாயத்தில் தனி மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கி, சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே பல பத்தாண்டு வழக்கம்.

கடிதம் எழுதிய சகோதரிகளுக்கு: வாரக்கணக்கில் தூக்கம் கெடுகிறது, வேலை ஓடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் ஜெபக் குழுவில் யாராவது இப்படித் தவித்தால் ஜெபக்குறிப்பு எழுதி வாங்கியதோடு நிறுத்தாமல், ராத்திரி சாப்பிட்டாயா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் ஒரு டப்பாவில் எதையாவது போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அடைதான் வேண்டும் என்றில்லை, இட்லியும் போதும்.