ரண்டு வயசுக்கு முதல் போகவேணுமாம்

எங்கட சனத்திட்ட ஒரு கணக்கு இருக்கு. பிள்ளைக்கு ரண்டு வயசு முடியிறதுக்கு முதல் எங்கயாவது ஒரு தூரப்பயணம் போயிட வேணும். அதுவரைக்கும் பிள்ளை தாயின்ர மடியில இருந்து பறக்கலாம், பெரியாக்களின்ர ரிக்கற்றில பத்து வீதம் மட்டில கட்டினால் காணும். ரண்டு முடிஞ்சால் தனிச்சீற்று, கிட்டத்தட்ட முக்கால்வாசி விலை. (போகேக்க ஒரு வயசு, வரேக்க ரண்டு வயசு எண்டால் திரும்பி வாறதுக்குச் சீற்று எடுக்கவேணும். பிறந்தநாளைப் போற இடத்தில கொண்டாடுவம் எண்டு நினைக்கிறவை கவனிச்சுக் கொள்ளுங்கோ.)

என்ர மகளுக்கு வாற ஒக்ரோபரில ரண்டு வயசு. அதால இப்ப வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற எல்லாரும் ஆளுக்கொரு பயணத்திட்டத்தோடதான் எடுக்கினம். லண்டனில இருக்கிற பெரியம்மா, "என்ர கண் மூட முதல் பிள்ளையைக் கொண்டந்து காட்டு" எண்டு அழுறா. பாரிஸ் சித்தப்பா, "டிஸ்னிலாண்டுக்கு வா, மூண்டு வயசு வரைக்கும் பிள்ளைக்குக் காசில்லை" எண்டுறார். சுவிஸ் மச்சான் மலைக்கு ஏத்தப் போறானாம். என்னோட வேலை செய்யிற ஒருத்தன் எல்லாருக்கும் மேல போய், "பேசாமல் ஊருக்கே போயிட்டு வா, இப்ப ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்கள்" எண்டு சொல்லுறான். அந்தக் கடைசிக் கதைக்குப் பிறகு வாறன்.

முதல்ல இந்த "விடுமுறை" எண்ட சொல்லைப் பாப்பம். ஜேர்மனியில கிழமைக்கு அஞ்சு நாள் வேலை செய்யிற ஒருத்தருக்குச் சட்டம் குடுக்கிற குறைஞ்சபட்ச லீவு வருசத்துக்கு 20 நாள். கன இடங்களில இதைவிடக் கூடக் குடுக்கினம், ஆனால் எங்கட ஆக்கள் நிக்கிற குசினியளிலயும் களஞ்சியங்களிலயும் பெரும்பாலும் இந்த 20தான். அந்த 20 நாளை நாங்கள் எப்பிடிச் செலவழிக்கிறம்? ரண்டு கலியாணவீடு, ஒரு சாமத்தியவீடு, ஹம் அம்மன் கோயில் தேர், ஒரு செத்தவீடு. மிச்சம் இருக்கிறதில காரை எடுத்துக்கொண்டு பாரிஸ், அங்கயிருந்து லண்டன், வாற வழியில ஒல்லாந்து. பத்து நாளில அஞ்சு வீடு, அஞ்சு விதமான கட்டில். இதை எங்கட ஆக்கள் விடுமுறை எண்டு சொல்லுறது எனக்கு இண்டைக்கும் விளங்கிறேல்ல. பெரியாக்களுக்குச் சரி, கதைக்கலாம், இடியப்பம் சாப்பிடலாம். ஒண்டரை வயசுப் பிள்ளைக்கு?

ஒரு வீட்டுக்குள்ள போனவுடன பிள்ளை கைக்குக் கை மாறும். கன்னத்தைக் கிள்ளுவினம். "பிள்ளை மெலிஞ்சு போச்சு, தாய் சாப்பாடு குடுக்கிறேல்லயோ" எண்டு ஒரு அன்ரி கட்டாயம் சொல்லுவா. மத்தியானம் நித்திரை கொள்ளுற நேரத்தில வாயில லட்டு. பிறகு இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை வீரிட்டுக் கத்தினால், "என்ன இவ்வளவு குழப்படி" எண்டு பிள்ளைக்குத்தான் பேச்சு. பிள்ளை குழப்படி இல்லை ஐயா. அதின்ர நித்திரையை நாங்கள் அஞ்சு வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுத்திட்டம்.

டிஸ்னிலாண்ட் கதையும் இப்பிடித்தான். பிள்ளைக்குக் காசில்லைதான், ஆனால் தாய் தேப்பனுக்கு இருக்கு, ஹொட்டேலுக்கு இருக்கு. எங்களில ஆருக்காவது ஒண்டரை வயசில நடந்தது ஞாபகம் இருக்கோ? அந்த வயசுப் பிள்ளை மிக்கி மவுஸ் வேசம் போட்ட ஆளைக் கண்டால் பயந்து தாயின்ர கழுத்தைக் கட்டிப் பிடிக்கும். நாங்கள் அதைப் பிரிச்சுப் படம் எடுத்து வட்ஸ்அப்பில போடுவம். போக விருப்பம் எண்டால் போங்கோ, "பிள்ளைக்காகப் போறம்" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

போன மே மாதம் நாங்கள் ஒரு ஒத்திகை பாத்தனாங்கள். ஒல்லாந்தின்ர சேலாண்ட் கடற்கரையில ஒரு சின்ன வீடு எடுத்து அஞ்சு இரவு நிண்டம். இந்தப் பக்கத்து ஜேர்மன்காரர் குடும்பம் குடும்பமாய்ப் போற இடம், எங்கட ரூர் பகுதியில இருந்து காரில மூண்டு நாலு மணித்தியாலம். பிள்ளை நித்திரை கொள்ளுற நேரம் பாத்து வெளிக்கிட்டு, ரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி ஓடவிட்டம். முதல் ரண்டு இரவும் நித்திரை இல்லை, எங்களுக்கும் இல்லை. மூண்டாம் நாள்தான் அந்த வீட்டின்ர மணம் அவவுக்குப் பிடிபட்டுது. கடலை அவ பெரிசாய்க் கணக்கெடுக்கேல்ல. ஒரு வாளி, கொஞ்சம் மண், வாசல்படியில ஏறி இறங்கிறது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு நானும் மனுசியும் ஒரு முடிவுக்கு வந்தம்: இந்தப் பிள்ளையோட ஒரு இடத்துக்குப் போனால் எட்டு இரவுக்குக் குறைய நிக்கிறதில்லை, அந்த இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்குப் போறதுமில்லை. பாக்கவேண்டிய ஆக்கள் எங்களிட்ட வரட்டும்.

பள்ளிக்கூட லீவைப் பாக்கத் தேவையில்லாத கடைசி வருசங்களும் இதுதான். ஜூலை, ஓகஸ்டில கேக்கிற வாடகை செப்ரெம்பரில நல்லாய் இறங்கிவிடும். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால் அந்தச் சுதந்திரம் போச்சு.

இனி எங்கட வீட்டுப் பாஸ்போட் கதை. மூண்டு பேர், மூண்டு வகைப் புத்தகம். மனுசி கலியாணம் கட்டி வந்தவ, இலங்கைப் பாஸ்போட். மகள் இங்க பிறந்தது, பிறப்போடயே ஜேர்மன் பிரஜை. நான் அகதி, நீலப் புத்தகம். 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்ர 28 ஆவது பிரிவின்படி தாறது. அதுக்குள்ள இலங்கை தவிர்ந்த எல்லா நாட்டுக்கும் செல்லும் எண்டு எழுதிக் கிடக்கு. வீட்டில எல்லா இடத்துக்கும் போகக்கூடியவ, இன்னும் ஒழுங்காய்க் கதைக்கத் தெரியாத மகள் மட்டும்தான்.

ஷெங்கன் நாடுகளுக்குள்ள பிரச்சினை இல்லை, 180 நாளில 90 நாள் நிக்கலாம். ஆனால் புத்தகத்தையும் வதிவிட அட்டையையும் வீட்டில வைச்சிட்டுப் போகாதேங்கோ. 2024 செப்ரெம்பரில ஜேர்மனி தன்ர எல்லாத் தரை எல்லையிலயும் சோதனை தொடங்கினது, அதே வருசம் டிசம்பரில ஒல்லாந்தும் தொடங்கினது. நடுச்சாமத்தில நித்திரைப் பிள்ளையோட றோட்டோரத்தில நிண்டு விளக்கம் சொல்லுறது நல்ல விடுமுறை இல்லை.

லண்டன் வேற கதை. அகதிப் புத்தகக்காரர் விசா இல்லாமல் போய்வர ஐரோப்பாவில 1959 இல ஒரு ஒப்பந்தம் செய்தவை. பிரித்தானியா 2003 இல அதை நிறுத்திப் போட்டுது. அதால எனக்கும் மனுசிக்கும் விசா வேணும். மகளுக்கு விசா இல்லை, ஆனால் 2025 ஏப்ரலில இருந்து அவவுக்கும் இணையத்தில அனுமதி எடுக்கவேணும், கைக்குழந்தையெண்டு விலக்கில்லை. பெரியம்மாவுக்கு இதை நாலு தரம் விளங்கப்படுத்தினன். "லண்டன் கிட்டத்தானே" எண்டுறா. கிட்டத்தான் பெரியம்மா, மேப்பில.

அந்தக் கடைசிக் கதைக்கு வாறன். ஊருக்கே போ எண்டு சொன்னவனைப் போல கனபேர் சொல்லுகினம். 2009 க்குப் பிறகு எல்லாரும் போய்வருகினம்தானே எண்டு. போறவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தவை. அகதிப் புத்தகக்காரன் போனால் கதை வேற. தான் தப்பி வந்த நாட்டின்ர பாதுகாப்பைத் தானே திரும்பத் தேடினவன் எண்டு எடுக்கலாம், அது அந்த 1951 உடன்படிக்கையிலயே இருக்கு. ஜேர்மனி 2024 ஒக்ரோபரில சட்டத்தை இன்னும் இறுக்கினது. நெருங்கின உறவின்ர சாவு, கடும் வருத்தம் மாதிரித் தவிர்க்கமுடியாத காரணம் இல்லாமல் போனால், உனக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை எண்டு கணக்கெடுப்பினம். பேத்தியைக் காட்டுறது தவிர்க்கமுடியாத காரணமோ? என்ர அம்மாவைக் கேட்டால் ஓம் எண்டுவா. இந்தியா போய் அங்கயிருந்து காங்கேசன்துறைக் கப்பலில போனால் தெரியாது எண்டும் ஒரு கெட்டித்தனம் உலாவுது. கப்பலுக்கும் குடிவரவு இருக்கு, முத்திரையும் இருக்கு. உங்கட வதிவிடத்தோட பிள்ளையின்ர வீடும் சேர்ந்துதான் கிடக்குது எண்டதை யோசியுங்கோ.

ஜேர்மன் பாஸ்போட் எடுத்துப்போட்டுப் போகலாம்தானே எண்டு கேப்பியள். விண்ணப்பம் குடுத்து ஒண்டரை வருசமாச்சு. அம்மாவுக்கு 76. பிள்ளை எனக்காக வளராமல் நிக்குமோ? இப்பவே அவவுக்கு அப்பம்மா எண்டால் ரெலிபோன்தான். அது நிப்பாட்டிக் கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வந்து "அப்பம்மா" எண்டுறா.

அதால எங்கட திட்டம் சென்னை. ஊரும் இல்லை, ஐரோப்பாவும் இல்லை, நடுவில ஒரு இடம். பலாலியில இருந்து சென்னைக்கு 2019 நவம்பரில நேரடி விமானம் தொடங்கி, கொரோனாவில நிண்டு, 2022 டிசம்பரில திரும்ப ஓடத் தொடங்கினது. சின்ன விமானம்தான், ஆனால் முழங்கால் ஏலாத அம்மாவுக்குக் கொழும்புக்குப் பஸ்ஸில போற ஆக்கினை இல்லை. இங்கயிருந்து பிராங்பேட்டில ஏறினால் சென்னைக்கு நேர்ப் பறப்பு, கிட்டத்தட்ட பத்து மணித்தியாலம். கொழும்பில மாறிப் போற மலிவு ரிக்கற்றுகளும் கண்ணில படும். என்னை மாதிரிப் புத்தகம் வைச்சிருக்கிறவை அதைத் தொடாதேங்கோ. வெளியில போகாட்டிலும் பறப்புப் பிந்தினால், ரத்தானால், அங்க என்ன செய்வியள்?

வளசரவாக்கம் பக்கம் ஒரு வீடு மூண்டு கிழமைக்கு வாடகைக்கு. எங்கட சனம் கனகாலமாய் இருந்த இடம், எங்கட கறித்தூளும் கிடைக்கும். அம்மாவும் மனுசியின்ர அம்மாவும் வருவினம். மாமல்லபுரம் இல்லை, மதுரை இல்லை, கோயில் சுற்றுலா இல்லை. ரண்டு கிழவியளும் ஒரு பிள்ளையும் ஒரு விறாந்தையில இருக்கிறதுதான் திட்டம்.

எப்ப போறது எண்டதிலதான் எனக்கும் சனத்துக்கும் சண்டை. பத்து வீத ரிக்கற் வேணுமெண்டால் செப்ரெம்பர் கடைசிக்கு முதல் போகவேணும். அப்ப சென்னையில வெக்கை. ஒக்ரோபரில இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, மழையோட நுளம்பு, நுளம்போட டெங்கு. சென்னைக்கு நல்ல காலம் ஜனவரி, பெப்ரவரி. ஜனவரியில வேலையிடத்திலயும் லீவு கேட்டவுடன தருவினம். தைப்பொங்கலும் வரும். அப்ப பிள்ளைக்கு ரண்டு வயசு தாண்டியிருக்கும், முக்கால் ரிக்கற் எடுக்கவேணும். எடுப்பம். அந்தக் காசுக்குப் பிள்ளைக்குச் சொந்தச் சீற்றும் கிடைக்குது. பன்னிரண்டு கிலோப் பிள்ளையைப் பத்து மணித்தியாலம் மடியில வைச்சிருந்தவளைக் கேளுங்கோ அது எவ்வளவு பெறுமதி எண்டு. விமானத்தில தாற தொட்டில் சின்னக் குழந்தையளுக்குத்தான், இந்த வயசுப் பிள்ளைக்கு அது பத்தாது.

பிள்ளை வைத்தியரிட்டப் பயணத்துக்கு ரண்டு மாதத்துக்கு முதலாவது போங்கோ. இங்க சின்னமுத்து ஊசி 11 மாதத்திலயும் 15 மாதத்திலயும் போடுறது, ரண்டும் போட்டாச்சோ எண்டு பாருங்கோ. நுளம்பு வலை கொண்டுபோங்கோ. தள்ளுவண்டில் சென்னை நடைபாதையில உருளாது, உடம்போட கட்டுற தூளிப்பை நல்லது. ராக்சியில பிள்ளைச் சீற்று இருக்கும் எண்டு நம்பாதேங்கோ, அதையும் இங்கயிருந்து கொண்டுபோறம்.

மனுசிக்கும் மகளுக்கும் இந்திய விசா இணையத்திலயே எடுக்கலாம், பிள்ளைக்கும் தனியாய் எடுக்கவேணும். அகதிப் புத்தகத்துக்கு அந்த வசதி இல்லை, கடதாசியளோட நேர போய்க் குடுத்திட்டுக் காத்திருக்கவேணும். நான் குடுத்திட்டன். வாங்கின பெண் புத்தகத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரட்டிப் பாத்திட்டு, எத்தினை கிழமை எண்டு சொல்ல ஏலாது எண்டா. விசா கையில வராமல் ரிக்கற் எடுக்கிறேல்ல எண்டு இருக்கிறம்.

எனக்கு விசா கிடைக்காட்டில் என்ன செய்யிறது எண்டு மனுசியோட கதைச்சாச்சு. அப்பிடியெண்டால் அவையள் ரண்டு பேரும் சென்னைக்கில்லை, நேர யாழ்ப்பாணத்துக்குப் போவினம். தேப்பன் இல்லாமல் என்ன விடுமுறை எண்டு சிலர் கேக்கினம். நான் அப்பிடி நினைக்கேல்ல. ஜனவரிக்கான லீவை நான் எழுதிக் குடுத்திட்டன். ரண்டில எது நடந்தாலும் அந்த மூண்டு கிழமையும் லீவுதான்.