காந்தம் கட்டினால் மைலேஜ் வருமா?

பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் ரமணாசிரமம் பக்கம் போய் செங்கம் சாலை ஓரமாக நின்று பாருங்கள். ஒரு பழைய பிக்கப்பாவது கண்ணில் படும். பின்னால் தகரத்தில் கூண்டு கட்டியிருப்பார்கள். கூண்டுக்குள் அடுப்பு, சிலிண்டர், அண்டா, தண்ணீர் டிரம், வண்டியை நிறுத்தியபின் கால் நீட்டிப் படுக்க ஒரு பலகை. வெள்ளைக்காரன் இதற்கு கேம்பர் என்று பெயர் வைத்து லட்சக்கணக்கில் விற்கிறான். நம் ஊரில் பெயர் எதுவும் கிடையாது, "கூண்டு வண்டி", அவ்வளவுதான்.

அந்த வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டாவது வாக்கியமே மைலேஜ் புலம்பலாக இருக்கும். "முன்னெல்லாம் 12 குடுத்துச்சு, இப்ப 9 தாண்ட மாட்டேங்குது." புலம்பல் நியாயம்தான். அவர் கண்டுபிடித்து வைத்திருக்கும் வைத்தியத்தைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது. டீசல் பைப்பில் கட்ட ஒரு காந்தம்! டேங்கில் ஊற்ற ஒரு பாட்டில் மருந்து!

காந்தம் விற்பவர் என்ன சொல்கிறார்? எரிபொருளின் மூலக்கூறுகளை அது "வரிசைப்படுத்தும்", அதனால் டீசல் முழுசாக எரியும் என்கிறார். ஆனால் டீசல் காந்தத்தில் ஒட்டும் பொருளே இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், ஒழுங்காக இருக்கும் ஒரு டீசல் இன்ஜினில் எரியாமல் போகும் டீசல் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. மிச்சம் எல்லாம் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. எரிந்ததில் பெரும்பகுதி சூடாக ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போய்விடுகிறது. அந்தச் சூட்டைக் காந்தம் பிடித்து வைக்குமா என்ன? அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் இந்த மாதிரி "மைலேஜ் கூட்டும்" கருவிகள் நூற்றுக்கும் மேல் சோதித்துப் பார்த்தது. தேறியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை, அவற்றிலும் லாபம் சொற்பம்.

ஏமாறுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. 1996-ல் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோலை நாடே வாய் பிளந்து பார்த்தது. 20 வருஷம் கழித்து, 2016-ல், சென்னை நீதிமன்றம் அந்த வழக்கில் சிறைத் தண்டனை விதித்தது. அதற்குப் பிறகும் பாட்டில் மருந்து விற்கிறது என்றால், குறை விற்பவரிடம் மட்டும்தானா?

சரி, டீசல் எங்கேதான் போகிறது? பதில் அவர் தலைக்குப் பின்னாலேயே நிற்கிறது. கூண்டு!

கேபினை விட இரண்டு அடி உயரம், முன்பக்கம் சுவர் மாதிரி தட்டையான தகரம். வண்டி ஓடும்போது அந்தச் சுவரைக் காற்றுக்கு எதிராகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-ல் போன வண்டி 80-க்கு ஏறினால் வேகம் கூடுவது மூன்றில் ஒரு பங்குதான், காற்று எதிர்ப்போ ஏறக்குறைய 78 சதவீதம் கூடிவிடும். சென்னையிலிருந்து திண்டிவனம் வரை நாலு வழிச்சாலை கிடைத்த சந்தோஷத்தில் 80-ல் மிதித்துவிட்டு, செஞ்சி தாண்டியதும் "இன்ஜின் போச்சு" என்று அழுதால் எப்படி? மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று மத்திய அரசின் பி.சி.ஆர்.ஏ. எத்தனையோ வருஷமாக விளம்பரம் போட்டுக் கத்துகிறது. கேட்பவர்தான் யாரும் இல்லை.

அடுத்தது எடை. 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் என்றால் 200 கிலோ. அதைச் சென்னையிலிருந்தே சுமந்து வருவானேன்? திருவண்ணாமலைக்கு வந்து பிடித்தால் ஆகாதா? டயரில் காற்று குறைந்தால் அதுவும் டீசலைத் தின்னும். பழைய வண்டியில் இன்னொரு கூத்து நடக்கிறது. இன்ஜின் சூடாகிறது என்று போனால், சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதன்பின் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடி டீசலைக் குடிக்கும். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தின் விலையில் நாசில் டெஸ்ட் செய்துவிடலாம்.

"இறக்கத்துல நியூட்ரல் போட்டுடுவேன் சார்" என்று பெருமைப்படுபவர்களும் உண்டு. ஜவ்வாது மலை இறக்கத்தில் தலைகனத்த கூண்டு வண்டியை நியூட்ரலில் விடுவதற்குப் பெயர் சிக்கனம் அல்ல, தற்கொலை. கியரில் விட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்பு டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் ஐடிலில் ஓட டீசல் போய்க்கொண்டே இருக்கும், பிரேக்கும் சூடேறும்.

இப்போது கணக்குக்கு வருவோம். சென்னை போக வர சுமார் 380 கிலோமீட்டர். லிட்டருக்கு 9 என்றால் 42 லிட்டர், 11 என்றால் 34.5 லிட்டர். வித்தியாசம் ஏழரை லிட்டருக்கு மேல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு பௌர்ணமிக்கு 700 ரூபாய், வருஷத்துக்கு 8,000-க்கு மேல். இட்லி விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சின்னப் பணமா?

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 15 கொடுக்கும் கார் 18-க்கு ஏறினால் 100 கிலோமீட்டருக்கு மிச்சமாவது 1.1 லிட்டர். 8 கொடுக்கும் கூண்டு வண்டி 10-க்கு ஏறினால் மிச்சம் 2.5 லிட்டர்! ஆக, "பழைய வண்டி, இதுல என்ன மிச்சம் பண்றது" என்று கைவிரிப்பவர்தான் அதிகம் இழக்கிறார்.

அதற்குக் கடையில் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. டேங்கை வாய் வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறையும் வாய் வரை நிரப்பி வகுத்துப் பார்க்க ஒரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பௌர்ணமி 80-ல் வரட்டும், அடுத்த பௌர்ணமி தண்ணீரை இறக்கிவிட்டு 55-ல் வரட்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும்.

கிரிவலத்துக்கு வருகிறவர் 14 கிலோமீட்டரை நிதானமாக, வெறுங்கையோடு நடக்கிறார். அவருக்குச் சோறு போட வரும் வண்டி மட்டும் ஏன் மூட்டையைச் சுமந்துகொண்டு தலைதெறிக்க ஓடி வர வேண்டும்?