மச்சான்தானே என்று பார்ட்னர் சேர்க்கிறீர்களா? பத்திரம் இருந்தும் பணம் வராது!

திருப்பூர்,-

பத்து வருஷம் டெய்லராகவோ, கட்டிங் மாஸ்டராகவோ வேலை பார்த்தவர் ஒருநாள் நாலு பவர் டேபிள் மெஷினை வாங்கிப் போட்டு சொந்தமாக ஜாப் ஒர்க் ஆரம்பிப்பது திருப்பூருக்குப் புதுசு இல்லை. மெஷின் புதுசா பழசா, ஷெட் வாடகை எவ்வளவு, பீஸுக்கு என்ன கூலி கட்டும் என்று நூறு தடவை விசாரிப்பார்கள். கம்பெனிக்குப் பேர் வைக்க ஜோசியர் வரை போவார்கள். ஆனால் தொழில் சட்டப்படி யாருடையது, எந்த முறையில் நடக்கப் போகிறது என்பதை மட்டும் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து ஐந்தே நிமிஷத்தில் முடித்து விடுகிறார்கள்.

கையில் பணம் பத்தவில்லை என்றால் மச்சானோ, பக்கத்து ஊர் பங்காளியோ கூட்டுச் சேர்வார். முத்திரைத்தாளில் நாலு பக்கம் டைப் அடித்து இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பத்திரத்தை வைத்து பான் கார்டு, ஜி.எஸ்.டி. நம்பர், பேங்க் கணக்கு எல்லாம் வந்து விடும். "கம்பெனி பதிஞ்சாச்சு" என்று இனிப்பும் கொடுத்து விடுவார்கள்.

உண்மையில் கம்பெனி பதியப்படவே இல்லை. வில்லங்கம் இங்கேதான் ஆரம்பம்.

வழக்கு போட முடியாது

கூட்டுத் தொழிலுக்கு என்று 1932-ம் ஆண்டு வந்த இந்தியக் கூட்டாண்மைச் சட்டம்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. கூட்டு நிறுவனத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பதியாமல் தொழில் நடத்தினால் குற்றமும் இல்லை. ஆனால் 69-வது பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. பதியாத நிறுவனம் தனக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்டு சிவில் கோர்ட்டில் வழக்கு போட முடியாது.

உதாரணத்துக்கு ஒரு மாமனும் மச்சானும் சேர்ந்து டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். சரக்கு வாங்கிய பார்ட்டி 6 லட்சம் கூலியை நிறுத்தி விட்டார். பில் இருக்கிறது, டெலிவரி சலான் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "இது பதியாத பார்ட்னர்ஷிப்" என்று ஒரே வரி சொன்னால் போதும், வழக்கு நிற்காது. அதன் பிறகு ஓடிப்போய்ப் பதிந்தாலும் அந்த வழக்குக்கு உயிர் வராது. திரும்பப் புதுசாகப் போட வேண்டும். பாக்கி கேட்க 3 வருஷம்தான் கெடு. அது அதற்குள் ஓடியிருந்தால் 6 லட்சமும் அம்போதான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நூல் கொடுத்தவர், துணி கொடுத்தவர் எல்லாம் இதே பதியாத நிறுவனத்தின் மேல் தாராளமாக வழக்கு போடலாம். அவர்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. பார்ட்னர்களுக்குள் சண்டை வந்தாலும் இதே கதைதான். பத்திரத்தில் உள்ள உரிமையைக் கேட்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. கூட்டைக் கலைக்கவும், கணக்கு கேட்கவும் மட்டும்தான் வழி உண்டு.

இத்தனைக்கும் பதிவது பெரிய காரியம் இல்லை. பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கூட்டு ஆரம்பித்த பிறகு எப்போது வேண்டுமானாலும் பதியலாம். வழக்குக்கு முன்னால் பதிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாலணா பங்கு, முழுக்கடன்

"எனக்கு நாலணா பங்குதான், நஷ்டமும் நாலணாதான்" என்று பலர் நினைக்கிறார்கள். அது பார்ட்னர்களுக்குள் பேசிக்கொள்ளும் கணக்கு. கடன் கொடுத்தவருக்கு அது பொருந்தாது. யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடமே முழுக்கடனையும் அவர் வசூலிக்கலாம். கொடுத்தவர் அப்புறம் மற்ற பார்ட்னரிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

விலகுவதிலும் சிக்கல் இருக்கிறது. "நான் அப்பவே விலகிட்டேன்" என்று டீக்கடையில் சொன்னால் செல்லாது. பதிந்த நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தகவல் கொடுத்து, அரசிதழிலும் உள்ளூர் மொழிப் பத்திரிகை ஒன்றிலும் பொது அறிவிப்பு வர வேண்டும். அதுவரை, அவரை பார்ட்னர் என்று தெரிந்து கடன் கொடுத்தவருக்கு விலகியவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒற்றை ஆளுக்கு எது?

கூட்டே இல்லாமல், சொந்தப் பணத்தில் பத்து மெஷினுக்குள் ஓட்டுகிறவருக்கு தனி உரிமையாளர் முறையே போதும். தனி பான் கார்டு வேண்டாம். லாபம் அவரது சொந்த வருமானமாகவே கணக்காகும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரி இல்லை. பார்ட்னர்ஷிப்பில் அந்தச் சலுகை கிடையாது. பார்ட்னர் சம்பளம், வட்டி போக மிஞ்சும் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி. அந்தச் சம்பளத்தைக் கழிக்கவும் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் பார்ட்னர் சம்பளமும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 20 ஆயிரத்தைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். வேறு பிடிக்க வேண்டும்.

தனி ஆளாக நடத்துவதில் ஒரே பயம், தொழில் கடனுக்கு சொந்த வீடும் பதில் சொல்ல வேண்டும் என்பது. அதற்காகத்தான் "பிரைவேட் லிமிடெட் போட்டுருங்க" என்று யோசனை சொல்கிறார்கள். சட்டப்படி அது சரிதான், கம்பெனிக் கடன் கம்பெனியோடு நிற்கும். ஆனால் சின்னக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் பேங்க், டைரக்டர்களிடம் சொந்த ஜாமீன் வாங்காமல் விடுவது அபூர்வம். கையெழுத்துப் போட்ட நிமிஷமே வீடு பழையபடி மாட்டிக்கொள்ளும். பேங்க் கடனுக்கு ஜாமீன் போட்டு விட்டு, லிமிடெட் போர்டைப் பார்த்துத் தூங்குவதில் அர்த்தம் இல்லை. நூல்காரர், துணிக்காரர் பாக்கிக்கு வேண்டுமானால் அது பாதுகாப்பு.

செலவும் சும்மா இல்லை. வியாபாரமே நடக்காவிட்டாலும் வருஷா வருஷம் ஆடிட் உண்டு. ஆண்டுக் கணக்கும், ஆண்டு அறிக்கையும் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதக் கட்டணம். 2017-ல் கணக்கு காட்டாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை மத்திய அரசு ஒரேயடியாகப் பட்டியலில் இருந்து நீக்கியது. இரண்டுக்கும் நடுவில், 2008-ம் ஆண்டு சட்டப்படி வந்த எல்.எல்.பி. என்ற முறை இருக்கிறது. பொறுப்பு வரம்புக்குள் நிற்கும். வரவு 40 லட்சமும், முதலீடு 25 லட்சமும் தாண்டாதவரை கட்டாய ஆடிட் இல்லை.

இன்னொரு குழப்பம் உத்யம் சான்று. அது சிறுதொழில் என்பதற்கான அடையாளம்தான், கூட்டுப் பதிவுக்கு ஈடாகாது. ஆனாலும் அதை எடுத்து வைப்பது நல்லது. சிறு, குறு யூனிட்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம்.

ஒருவர் இறந்தால்...

பத்திரம் எழுதும்போது யாரும் பேச விரும்பாத விஷயம் சாவு. இரண்டே பேர் உள்ள கூட்டில் ஒருவர் இறந்தால் கூட்டு அன்றோடு கலைந்து விடும். "வாரிசோடு தொழில் தொடரும்" என்று எழுதியிருந்தாலும், ஒற்றை ஆள் கூட்டு ஆக முடியாது. அதற்காகவே விவரமானவர்கள் மனைவியையோ, மகனையோ மூன்றாவது பார்ட்னராகச் சேர்த்து வைக்கிறார்கள். சேர்த்த அன்றிலிருந்து அவர் பேரில் உள்ள வீடும், நகையும் கூட கம்பெனிக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்களா என்பதுதான் தெரியவில்லை.