தம்பி ஏன் குண்டாயிட்டான்?

திருவிழா முடிஞ்ச வேளாங்கண்ணியைப் பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல ஆரம்பிச்சு செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள் வரைக்கும் கால் வைக்க இடம் இருக்காது. அடுத்த வாரமே போனீங்கன்னா காவி உடை கூட்டமெல்லாம் ஊர் திரும்பியிருக்கும். கடைத்தெருவுல கடைக்காரங்களே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அப்படி ஒரு சனிக்கிழமைதான் என் கிளாஸ்மேட் போன் பண்ணினான்.

"மாப்ள, புது டி.வி. வாங்கிட்டோம்டா. 43 இன்ச். 4கே! கிளம்பி வா."

அவங்க வீட்டுக்கு அங்க ஒரு சின்னக் கடை. மெழுகுவர்த்தி, தேங்காய், ஜெபமாலை. பதினோரு நாள் தூங்காம நின்னு வித்த காசுல பாதி இந்த டி.வி. ஏற்கெனவே ஒரு சீனியர்கிட்ட பழைய பிளேஸ்டேஷன் 4 ஒண்ணு வாங்கி வெச்சிருந்தான். தஞ்சாவூர் ஹாஸ்டல்ல மெஸ் சாப்பாட்டை தியாகம் பண்ணிட்டு, நாகப்பட்டினம் பஸ்ஸைப் பிடிச்சு மதியத்துக்குள்ள ஆஜர்!

ஆனா வாசல்லயே பையன் முகம் தொங்கிக் கெடந்துச்சு. உள்ளே கூட்டிட்டுப் போய் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' போட்டுக் காட்டினான். பாரீஸ் நகரம், பிரெஞ்சுப் புரட்சி, ஆயிரக்கணக்குல ஜனம். எல்லாம் சரி. ஆனா காவேரியில புதுத் தண்ணி வந்தாப்ல படம் ஒரே கலங்கல்.

"4கேன்னு சொல்லி தலையில கட்டிட்டான் மாப்ள. நாளைக்குக் கடைக்குப் போய் ரெண்டுல ஒண்ணு பார்க்கணும். நீ ஈ.சி.இ. தானே, கூட வந்து இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசு."

அம்மா சமையற்கட்டுல இருந்து எட்டிப் பார்த்தாங்க. காசு அவங்களோடது. அவங்க ஒண்ணும் பேசல. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

டி.வி. ரிமோட்ல 'இன்ஃபோ' பட்டனை அமுக்கினேன். 1080பின்னு வந்துச்சு. அட்டைப் பெட்டியில போட்டிருக்கறது 4கே. இந்த கேம் நிஜமா வரையறது ரெண்டும் இல்ல, 900பி! மூணு இடத்துல மூணு கணக்கு. ரேஷன் கடை மாதிரி.

கணக்கைப் பாருங்க. இந்த கேமை பிளேஸ்டேஷன் 4 வரையறது 1600-க்கு 900, அதாவது 14 லட்சத்து 40 ஆயிரம் புள்ளி. இதை அதுவே 1920-க்கு 1080-ஆ இழுத்து டி.வி.க்கு அனுப்புது. டி.வி.க்கு எப்படித் தெரியும் இது இழுத்த படம்னு? வந்ததை வாங்கி '1080பி'ன்னு சொல்லிடுது. அப்புறம் அது தன் பங்குக்கு இன்னொரு இழுவை இழுத்து 3840-க்கு 2160-ஆ காட்டுது. மொத்தம் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளி. ஆக, திரையில இருக்கற ஆறு புள்ளிக்கு ஒரு புள்ளிதான் கேம் வரைஞ்ச சரக்கு. மீதி அஞ்சும் யூகம்!

யூகம்னா எப்படி? இப்படி வெச்சுக்குங்க. மார்கழி காலையில உங்க அம்மா கோல நோட்டுல அஞ்சு புள்ளி, அஞ்சு வரிசைக் கோலம் ஒண்ணு பார்த்து வெச்சிருக்காங்க. உங்க தங்கச்சி முந்திக்கிட்டு வாசல்ல ஆறு புள்ளி, ஆறு வரிசை வெச்சுட்டா. இப்ப அதே கோலத்தை அந்தப் புள்ளியில போடணும். ரெண்டு ஓரமும் எப்படியோ சரியா வந்துடும். நடுவுல இருக்கறதெல்லாம் எந்தப் புள்ளி மேலயும் உட்காராது. ரெண்டுக்கும் நடுவுல விழும். பிளேஸ்டேஷன் என்ன பண்ணும்? பக்கத்துப் புள்ளிகளோட நிறத்தைக் கலந்து ஒரு குத்துமதிப்பு நிறம் கொடுக்கும். கூர்மையான கோடு மழுங்கிப் போறது இங்கதான். 1600-ஐ 1920 ஆக்கறது அச்சு அசலா இதே அஞ்சுக்கு ஆறு கணக்கு. அடுத்தது 1080-ல இருந்து 2160. சரியா ரெண்டு மடங்கு, ஒரு புள்ளிய நாலு புள்ளியா ஆக்கிட்டா போதும், பெரிய சேதாரம் இல்ல. ஆனா மழுங்கின கோடு மழுங்கினதுதானே!

நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பர் ஞாபகம் இருக்கா? 1991, 2001 ஜனத்தொகையைக் கொடுத்துட்டு 1996-ல எவ்வளவுன்னு கேட்பாங்களே, இன்டர்போலேஷன். அதே கணக்குதான். ஒரு செகண்டுக்கு 60 தடவை அதைப் போட்டுக்கிட்டு இருக்கு அந்த டி.வி. நான் அந்தப் பேப்பர்ல ஒரு தடவை போட்டதுக்கே அரியர் வெச்சேன்.

"அப்ப கேம்காரன் ஏமாத்திட்டானா?"

இந்தப் பஞ்சாயத்து புதுசு இல்ல. 2007-ல 'ஹாலோ 3' வந்தப்ப ரசிகர்கள் படத்தைப் பெரிசாக்கி, சாய்வான கோட்டுல இருக்கற படிக்கட்டை எண்ணிப் பார்த்து, இது 720 வரிசை இல்ல, 640 தான்னு கண்டுபிடிச்சாங்க. கம்பெனியும் ஒத்துக்கிச்சு. வெளிச்சத்தை நல்லாக் காட்டறதுக்காக ஒரே படத்தை ரெண்டு தடவை வரைய வேண்டியிருந்துச்சு, அதனால புள்ளியைக் குறைச்சோம்னாங்க. 2014-ல இந்த யூனிட்டிக்கும் அதே சண்டை. தெரு நிறைய ஜனம் நடக்கணும்னா மெஷினுக்கு மூச்சு வாங்குது, 900-ல நிறுத்திட்டாங்க. என்னைக் கேட்டா இது ஏமாத்து இல்ல. இருக்கற நாலு படி நெல்லுல எதுக்கு எவ்வளவுன்னு பிரிக்கற வேலை. ஆனா பெட்டியில அதை எங்கயாவது ஒரு ஓரத்துல அச்சடிச்சுத் தொலைக்கலாம்ல?

அப்ப பரணைப் பார்த்தேன். 2006-ல தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச இலவச கலர் டி.வி., 14 இன்ச், துணி போர்த்தி உட்கார்ந்திருந்துச்சு. "சின்ன வயசுல இதுல கேசட் போட்டு மரியோ ஆடுவேன் மாப்ள. அது எப்படிடா அவ்வளவு பளிச்சுனு இருந்துச்சு?"ன்னான். நல்ல கேள்வி! அந்த கேம் வெறும் 256-க்கு 240 புள்ளி. ஆனா அந்த டியூப் டி.வி.யில எலெக்ட்ரான் கத்தை கோடு கோடா வரைஞ்சுக்கிட்டே போகும். படத்துப் புள்ளிக்கும் திரைப் புள்ளிக்கும் கணக்கு நேர் பண்ற வேலையே கிடையாது. வந்ததை வந்தபடி போடும். போதாக்குறைக்கு திரையும் சின்னது. இப்ப இருக்கற தட்டை டி.வி.க்குத்தான் இத்தனை புள்ளின்னு பிறவியிலேயே எழுதி வெச்சிருக்கு.

சரி, கடைக்காரரைக் காப்பாத்தியாச்சு. ஆனா டி.வி.யும் முழு யோக்கியன் இல்ல. 'ஷார்ப்னஸ்' எழுபதுல இருந்துச்சு. அது படத்தைக் கூர்மை ஆக்காது, ஓரத்துல வெள்ளைக் கோடு இழுத்து கூர்மை மாதிரி நடிக்கும். நல்லாக் குறைச்சோம். கிரிக்கெட் கேம் போட்டா கீழே ஸ்கோர் பாதி வெட்டுப்பட்டு இருந்துச்சு. டியூப் காலத்துல படத்தோட ஓரம் சட்டத்துக்குள்ள மறைஞ்சு போகும், அதனால கொஞ்சம் பெரிசாக்கியே காட்டுவாங்க. அந்தப் பழக்கத்தை இன்னும் விடாம, வந்த படத்தைச் சுத்தி நறுக்கிட்டு மீதியை இழுக்குது. 'ஸ்க்ரீன் ஃபிட்'னு ஒரு செட்டிங்கைத் தேடிப் போட்டதும் முழு ஸ்கோரும் வந்துச்சு. கடைசியா 'கேம் மோட்'. டி.வி. பண்ற மேக்கப் வேலைக்கெல்லாம் சில ஃப்ரேம் தேவை. ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி செகண்ட், மூணு ஃப்ரேம் தாமதம்னா 50. யார்க்கர் ஸ்டம்பைத் தட்டின பிறகுதான் பேட் இறங்கும். "நான் ஃபார்ம்ல இல்லன்னு நெனச்சேன் மாப்ள!" இல்லடா ராசா, டி.வி. ஃபார்ம்ல இல்ல.

படம் இப்ப பரவாயில்ல. 4கே ஆகல, ஆனா கலங்கல் தெளிஞ்சுது. ஆட்டம் சூடு பிடிச்ச நேரம் அம்மா ஒரு பழைய சி.டி.யோட வந்து நின்னாங்க.

"ஏம்ப்பா, இது இந்த டி.வி.யில வருமா?"

அவங்க கல்யாண வி.சி.டி. 2003. அதுல அவங்க தம்பி இருக்கார். 2004 டிசம்பர் 26 காலையில கடற்கரைக் கடையைத் திறக்கப் போனவர், திரும்பல. வீட்டு ஆல்பமெல்லாம் தண்ணியோட போச்சு. தஞ்சாவூர்ல அத்தை வீட்டுல ஒரு காப்பி இருந்ததால இது மட்டும் தப்பிச்சுது. என் ஃப்ரெண்டு 2005-ல பொறந்தவன். மாமாவைப் பார்த்ததே இல்ல.

என் லேப்டாப்புல சி.டி. டிரைவ் கிடையாது. பக்கத்துத் தெரு ஸ்டூடியோவுல வெளி டிரைவ் ஒண்ணு கடன் வாங்கி, கீறல் விழுந்த சி.டி.யை மூணு தடவை துடைச்சுப் போட்டு, 'டேட்' ஃபைலைக் காப்பி பண்ணி, பென் டிரைவ்ல ஏத்தி, டி.வி.யில சொருகினோம். ஓடுச்சு! நாதஸ்வரம், மேளம், கோவில் வாசல், அம்மா வெள்ளைப் புடவையில. பக்கத்துல மாலைத் தட்டோட ஒரு பையன்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது இல்லப்பா... என் தம்பி இவ்வளவு குண்டா இருக்க மாட்டான். ஒல்லிக்குச்சி அவன்"னாங்க.

அவங்க சொன்னதுதான் சரி. வி.சி.டி. படம் 4:3. டி.வி. 16:9. இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு டி.வி. அதை அகலத்துல மூணுல ஒரு பங்கு கூடுதலா இழுத்திருந்துச்சு. கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் குண்டு. 'பிக்சர் சைஸ்' போய் 4:3 போட்டேன். ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வந்துச்சு. நடுவுல ஒல்லியா, கன்னம் ஒட்டி, காலர் பெரிசா, ஒரு பத்தொன்பது வயசுப் பையன்.

"இதான்"னாங்க.

ஃப்ரெண்டு சும்மா இருப்பானா? "இன்னும் தெளிவாக்கலாம்மா, ஏ.ஐ. இருக்கு"ன்னு படத்தை நிறுத்தி போன்ல எடுத்து ஏதோ ஒரு ஆப்ல போட்டான். அரை நிமிஷத்துல கண்ணிமை, மீசை முடி எல்லாம் எண்ணற மாதிரி ஒரு முகம் வந்துச்சு. அம்மா கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பார்த்தாங்க.

"நல்லாத்தான் இருக்கு. யாரு இது?"

அவன் போனை அணைச்சு பாக்கெட்ல போட்டுக்கிட்டான்.

எனக்கு மனசு கேக்கல. ஸ்கேலை எடுத்து திரையில அந்த முகத்தை அளந்தேன். அகலம் 4 சென்டி மீட்டர், உயரம் 5. வி.சி.டி.யோட மொத்தப் படமே 352-க்கு 288 புள்ளிதான். அந்தக் கணக்குல மாமா முகத்துக்குக் கிடைச்சது சுமார் 500 புள்ளி. அதையும் எட்டுக்கு எட்டு கட்டமா சுருக்கித்தான் சி.டி.யில அடைச்சிருப்பாங்க, முகம் மொத்தமே எட்டு ஒன்பது கட்டம். மீதியெல்லாம் அந்த ஆப் யாரோ லட்சம் பேர் முகத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டது.

"2018-ல இருந்து கேம்ல டி.எல்.எஸ்.எஸ்.ஸுன்னு இதையேதானே பண்றாங்க? 1080-ஐ 4கே ஆக்கி, அச்சு அசலா இருக்கே?"ன்னு கேட்டான். இருக்கும். ஏன்னா அங்க கேம் கூடவே இருந்து சொல்லிக் கொடுக்குது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமராவை அரைப் புள்ளி, கால் புள்ளி நகர்த்தி நகர்த்தி வரையும். எந்தப் பொருள் எங்க இருந்து எங்க போச்சுன்னு கணக்கும் கொடுக்கும். அதையெல்லாம் சேர்த்துத்தான் புது புள்ளி வருது. இவனோட ஆப்புக்குக் கிடைச்சது நிறுத்தி வெச்ச ஒரே ஒரு படம். ஓடற வீடியோவைப் பூராவும் கொடுத்திருந்தா அடுத்தடுத்த ஃப்ரேம்ல இருந்து கொஞ்சம் தேறலாம். ஆனா 2003-ல கேமரா பிடிச்ச அண்ணன் எந்தக் கணக்கும் கொடுத்துட்டுப் போகலையே. அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது, மாப்பிள்ளைய விட்டுட்டு மாலைத் தட்டுக்காரரையா பெரிசாக் காட்டுவார்?

அம்மா நாற்காலியைப் பின்னால நகர்த்திப் போட்டுக்கிட்டாங்க. நான் யோசிக்காத செட்டிங் அது! நாலடி தள்ளி உட்கார்ந்தா கட்டமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து முகம் தெளிஞ்சு வருது. மாமா வர்ற இடம் மொத்தம் 11 செகண்ட். கடைசியில யாரோ கூப்பிட்டதுக்குத் திரும்பிச் சிரிக்கறார். ரிமோட்டை எப்படிப் பின்னால ஓட்டறதுன்னு அம்மா என்கிட்ட ஒரு தடவைதான் கேட்டாங்க. அப்புறம் அவங்களே ஓட்டிக்கிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி கேம் ஆடல. அந்த ஃபைலை என் லேப்டாப்ல ஒண்ணு, அவன் போன்ல ஒண்ணு, ரெண்டு பென் டிரைவ்ல ஒவ்வொண்ணுன்னு நாலு காப்பி எடுத்தோம். ஒரு பென் டிரைவ் இப்ப தஞ்சாவூர் அத்தை வீட்டு பீரோவுல இருக்கு.