பரிசோதனை முடிவு தீர்ப்பு அன்று



கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிக் குருவானவர் எழுதுவது தகுமோ என்று சிலர் எண்ணக்கூடும். நம் நாட்டுப் பெண்களை வாட்டும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து நிற்பது இந்நோயே. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இதற்குப் பலியாயினர். முன்னரே கண்டு தடுக்கத்தக்க நோயைக் குறித்து வாய்மூடியிருப்பது மேய்ப்பனுக்கு அழகன்று. மேலும், பரிசோதனை முடிவைத் தவறாகப் பொருள் கொள்வதனால் நல்ல குடும்பங்களிலும் வீண் அச்சமும் ஐயமும் புகுந்துவிடுகின்றன.

இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி. அதில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு; புற்றுநோயை விளைவிக்க வல்லவை அவற்றுள் சிலவே. பத்துப் பேரில் எழுவருக்கு 16, 18 என எண்ணிடப்பட்ட இரு வகைகளாலேயே இந்நோய் வருகிறது. இக்கிருமிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன், 2008இல் நோபல் பரிசு பெற்றார்.

பரிசோதனைத் தாளில் 'நெகட்டிவ்' என்றிருந்தால், கொடிய வகைக் கிருமி காணப்படவில்லை என்பது பொருள். மருத்துவர் குறிக்கும் காலத்தில், பொதுவாக ஐந்தாண்டு கழித்து, மீண்டும் பரிசோதித்துக்கொண்டால் போதும். 'பாசிட்டிவ்' என்றிருந்தால் கிருமி உள்ளது, அவ்வளவே. புற்றுநோய் வந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. பெரும்பாலோரிடத்தில் இரண்டாண்டுகளுக்குள் உடலே கிருமியை அகற்றிவிடுகிறது. அகலாது தங்கிவிடும் சிலரிடத்திலேயே செல்கள் மாறத் தொடங்குகின்றன. அம்மாற்றம் புற்றாக முதிர்வதற்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அதனினும் விரைவில் நேரலாம்.

ஆதலால் கலங்க வேண்டாம். ஆனால் அத்தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிடவும் வேண்டாம். மருத்துவர் சொல்லும் அடுத்த பரிசோதனைக்குத் தவறாது செல்லுங்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தபின் 'சி.ஐ.என். 3' என்று எழுதியிருப்பதைக் கண்டு, மூன்றாம் கட்டப் புற்றுநோய் என்று மனமுடைவோர் உண்டு. அது புற்றுநோயின் கட்டம் அன்று. புற்றுக்கு முந்திய மாற்றத்தின் அளவு. முதல் அளவு பெரும்பாலும் தானே மறையும். முற்றிய மாற்றத்தை வெப்பத்தாலோ குளிராலோ அழிக்கலாம். அல்லது அப்பகுதியை மட்டும் நீக்கலாம். கருப்பையையே எடுக்க நேர்வது அரிது.

இதன் பயனுக்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் பரிசோதித்தனர். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் காண்பதே அவர்கள் கையாண்ட எளிய முறை. பரிசோதனை நடைபெறாத ஊர்களோடு ஒப்பிடுகையில், அவ்வூர்களில் இந்நோயால் நேர்ந்த சாவு 35 விழுக்காடு குறைந்தது என 2007இல் அறிவிக்கப்பட்டது.

இனிக் கணவன்மார்க்கு ஒரு சொல். இக்கிருமி ஆண் பெண் உறவின் வழியே பரவுவது. எனவே, "இது யாரால் வந்தது?" என்ற கேள்வி சில இல்லங்களில் எழுகிறது. கிருமி பல்லாண்டுகள் எந்த அறிகுறியுமின்றி உறங்கிக் கிடக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையும் கூறாது. அத்தாளைச் சான்றாக்கி மனைவியின் கற்பையோ கணவனின் நேர்மையையோ ஐயுறுவது அவசரத் தீர்ப்பு. எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணை ஊரார் தீட்டு என்று ஒதுக்கினர். நம் ஆண்டவரோ அவளை மகளே என்று அழைத்து, அமைதியோடு அனுப்பினார். நாம் யார் பக்கம் நிற்கிறோம்?

முப்பது வயது கடந்த தாய்மார்கள் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தையோ மருத்துவமனையையோ அணுகுங்கள். மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டாலும், உறவுக்குப்பின் உதிரம் கண்டாலும், முந்திய முடிவு எதுவாயினும் உடனே மருத்துவரைக் காணுங்கள். கணவன்மார் உடன் செல்லுங்கள். முடிவை இருவரும் சேர்ந்தே கேளுங்கள். இன்பத்திலும் துன்பத்திலும் பிரியோம் என்று பீடத்தின்முன் அளித்த வாக்கு, மருத்துவமனை வாசலிலும் நிறைவேறட்டும்.