சலூன் டிரையர் வீட்டுக்குச் சரிவருமா? ஹேர் டிரையர் வாங்கும் முன் ப்ளக் பாயின்ட்டைப் பாருங்க!

வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்தாயிற்று. மணி எட்டேகால். முடி காய குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் ஷேர் ஆட்டோ பிடிக்க இருப்பதோ பத்தே நிமிஷம். இந்த அவஸ்தை உங்களுக்கும் தெரிந்ததுதானே?

எங்கள் வீடு கோவிலம்பாக்கத்தில். சுவரோடு சுவர் ஒட்டிய அப்பார்ட்மென்ட் என்பதால் பால்கனியில் வெயிலே விழாது. ஈரத் தலையோடு கிளம்பினால், மெட்ரோ வேலை நடக்கும் மேடவாக்கம் மெயின் ரோட்டின் தூசி மொத்தமும் தலையில்தான். பாட்டி காலத்தில் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, சாம்பிராணிப் புகை போட்டு, நிதானமாக முடியைக் காய வைத்தார்கள். இப்போது அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. அதனால் போன தீபாவளி ஆஃபரில் ஆன்லைனில் ஒரு ஹேர் டிரையர் வாங்கினேன். '2,000 வாட்ஸ், சலூன் புரொஃபஷனல்' என்று போட்டிருந்தது. பாதி விலை. வேறு எதையும் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, முடி கருகும் வாசனை. பதறிப்போய் டிரையரை அணைத்தேன். கருகியது முடி இல்லை. கண்ணாடிப் பக்கத்தில் வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ப்ளக் செருகிய இடம் பழுப்பாகி, பிளாஸ்டிக் உருகிப் பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, அம்மா ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தனை வாட்ஸ்மா இது?"

சொன்னேன்.

"இதை 6 ஆம்ப்ஸ் பாக்ஸ்ல போடலாமா? ஏ.சி. மாதிரி இதுவும் பவர் ப்ளக்ல போட வேண்டிய சாமான்மா."

நானும் நிறைய ரிவ்யூ படித்துவிட்டுத்தான் வாங்கினேன். ஆனால் என் முடிக்கு எது நல்லது என்று தேடினேனே தவிர, என் வீட்டு ப்ளக் பாயின்ட் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கவில்லை. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப்ஸ். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 1,200 வாட்ஸ் டிரையர் சுமார் 5.2 ஆம்ப்ஸ் இழுக்கும். 2,000 வாட்ஸ் டிரையர் சுமார் 8.7 ஆம்ப்ஸ்.

வீட்டில் இருக்கும் சின்ன ப்ளக் பாயின்ட், அதாவது மொபைல் சார்ஜர், டேபிள் ஃபேன் போடுவது, 6 ஆம்ப்ஸ். அது தாங்குவது அதிகபட்சம் 1,380 வாட்ஸ். பழைய வீட்டில் 5 ஆம்ப்ஸ் பாயின்ட்டாக இருந்தால் 1,150 வாட்ஸ்தான். ஏ.சி., கீஸர் போடும் பெரிய 'பவர் ப்ளக்' 16 ஆம்ப்ஸ். அதில் 2,000 வாட்ஸ் தாராளமாக ஓடும்.

'லோடு அதிகமானால் எம்.சி.பி. விழுந்துவிடுமே, அப்புறம் என்ன பயம்?' என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதற்காக எம்.சி.பி-யை 10 அல்லது 16 ஆம்ப்ஸில் போட்டிருப்பார்கள். 8.7 ஆம்ப்ஸ் அதற்குச் சாதாரணம், அது விழாது. நடுவில் மாட்டிக்கொண்டு சூடாவது 6 ஆம்ப்ஸ் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2,000 வாட்ஸ் டிரையர்கள் சிலவற்றில் இரண்டு பின் ப்ளக்தான் இருக்கும். சின்ன பாயின்ட்டில் அது சுலபமாக நுழைந்துவிடும். நுழைகிறதே என்று நம்பிவிடாதீர்கள், வாட்ஸைப் பாருங்கள். பெரிய ப்ளக்கைச் சின்ன பாயின்ட்டில் மாட்ட விற்கும் கன்வெர்ஷன் ப்ளக்கும் இதே ஆபத்துதான்.

வீட்டுக்கு எது?

வாரம் இரண்டு மூன்று முறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு 1,000 முதல் 1,200 வாட்ஸ் போதும். இடுப்பு வரை அடர்த்தியான முடி, காலையில் நேரமே இல்லை என்பவர்கள் 1,600 வாட்ஸுக்கு மேல் போகலாம். ஆனால் கண்ணாடி இருக்கும் இடத்தில் பவர் ப்ளக் இருக்க வேண்டும். இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதற்கேற்ற வயரோடு பாயின்ட் போட்ட பிறகு வாங்குங்கள். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

* ஐ.எஸ்.ஐ. முத்திரை. சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால் இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். இரண்டு பின் ப்ளக் வருவது அதனால்தான்.
* அதிகம் சூடானால் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு வசதி.
* சூட்டுக்கும் காற்று வேகத்துக்கும் தனித்தனி சுவிட்ச். சூட்டைக் குறைத்து, காற்றைக் கூட்டி வைக்க முடிந்தால் முடிக்கு நல்லது.
* குளிர்காற்று பட்டன். சூட்டில் வளைத்த முடி ஆறும்போதுதான் அந்த வடிவத்தில் நிற்கும். கடைசி அரை நிமிஷம் குளிர்காற்று காட்டினால் ஸ்டைல் கலையாது.
* பின்பக்கம் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய வலை. தூசியும் முடியும் அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து, உள்ளே காயில் அதிகம் சூடாகும். மாதம் ஒரு முறை பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

சுருட்டை முடிக்காரர்கள், அகலமான தட்டில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் 'டிஃபியூஸர்' சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். நேர்முடி என்றால் காற்றை ஒரே இடத்தில் குவிக்கும் தட்டையான நாசில் போதும்.

'ஐயானிக்' என்று எழுதியிருந்தால் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாமா? முடி ஒன்றையொன்று தள்ளி, எழும்பி நிற்கும் ஸ்டாட்டிக்கைக் குறைக்க அது உதவும் என்பார்கள். அந்தத் தொல்லை வறண்ட காற்று உள்ள ஊர்களில்தான் அதிகம். வருஷம் முழுக்கப் புழுங்கும் சென்னையில், அந்தப் பணத்தைத் தனி சுவிட்ச் உள்ள மாடலுக்குச் செலவழிக்கலாம்.

கரன்ட் பில் பயமா? 1,200 வாட்ஸ் டிரையரை தினமும் பத்து நிமிஷம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். 2,000 வாட்ஸ் என்றால் 20 யூனிட். இதனால் பில் எகிறிவிடாது.

பார்லருக்கு எது?

எங்கள் தெருவில் வீட்டின் முன்னறையிலேயே பியூட்டி பார்லர் நடத்தும் அக்கா, ஆரம்பத்தில் வீட்டு டிரையரைத்தான் வைத்திருந்தாராம். ஒரு வருஷத்துக்குள் இரண்டு போயின.

"மெஷின் மேல தப்பு இல்லடா. அதுக்கு நான் கொடுத்த வேலை அப்படி" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் வாரம் இரண்டு முறை, பத்து நிமிஷம் ஓட்டினால் வருஷத்துக்கு சுமார் 17 மணி நேரம். பார்லரில் ஒரு நாளைக்கு எட்டு பேர், ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம். வீட்டு டிரையர் ஒரு வருஷம் பார்க்கும் வேலையை பார்லர் டிரையர் ஒன்பதே நாளில் பார்த்துவிடுகிறது!

அதனால்தான் சலூன் மாடல்களில் பெரும்பாலும் ஏ.சி. மோட்டார் வைக்கிறார்கள். நீண்ட நேரம் தாங்கும், காற்று வேகம் அதிகம். ஆனால் கனமும் அதிகம். நாள் முழுக்கக் கையைத் தூக்கி வேலை பார்ப்பவருக்குத் தோள்வலி நிச்சயம். இப்போது வரும் 'பிரஷ்லெஸ்' மோட்டார் மாடல்கள் எடை குறைவு, விலை அதிகம். டைசன் நிறுவனம் 2016-ல் மோட்டாரைத் தலைப்பகுதியிலிருந்து கைப்பிடிக்குள் கொண்டுவந்ததும் இந்தக் கனத்தைச் சமாளிக்கத்தான்.

பார்லருக்கு வாங்குபவர்கள் வாரன்டி கார்டை முழுக்கப் படியுங்கள். 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று இருந்தால், பார்லரில் பழுதாகும்போது வாரன்டி கைகொடுக்காது. வயர் மூன்று மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸே தேவைப்படாது.

பயணத்துக்கு எது?

மடக்கும் கைப்பிடி, எடை குறைவு, 1,000 முதல் 1,200 வாட்ஸ். உள்ளூர்ப் பயணத்துக்கு இது போதும். ரயில் பெட்டியில் இருக்கும் பாயின்ட் மொபைல், லேப்டாப் சார்ஜ் செய்யத்தான். அங்கே டிரையரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

வெளிநாடு என்றால் வோல்டேஜ் முக்கியம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய், லண்டன் எல்லாம் நம்மைப் போலவே 230 அல்லது 240 வோல்ட். பின் வடிவத்துக்கு அடாப்டர் இருந்தால் போதும். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100 வோல்ட். நம் டிரையர் அங்கே வெறும் வெதுவெதுப்பான காற்றைத்தான் ஊதும். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

மகனோ மகளோ அமெரிக்காவில் இருந்து வாங்கி வந்த டிரையர் என்றால் இன்னும் ஜாக்கிரதை. 120 வோல்ட் மாடலை இங்கே போட்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு சூடு ஏறி, சில நொடிகளில் கருகிவிடும். அடிக்கடி பறப்பவர்கள் 'டூயல் வோல்டேஜ்' மாடல் வாங்கலாம். ஊர் திரும்பியதும் சுவிட்சை மறுபடி 230-க்கு மாற்ற மறக்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் டிரையர் என்றால், டிக்கெட் போட்டதுமே விமான நிறுவனத்தின் லித்தியம் பேட்டரி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரையர் முடியைக் கெடுக்குமா?

எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்வி இது. தென்கொரிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 2011-ல் 'அனல்ஸ் ஆஃப் டெர்மடாலஜி' என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். 5 செ.மீ. தூரத்தில் பிடித்தபோது முடியில் பட்ட சூடு 95 டிகிரி செல்சியஸ். 10 செ.மீ. தூரத்தில் 61 டிகிரி. 15 செ.மீ. தூரத்தில் 47 டிகிரி. சூடு ஏற ஏற முடியின் மேற்பரப்பு சேதமானது. ஆனால் இயற்கையாகக் காயவைத்த முடியும் தப்பவில்லை. நீண்ட நேரம் ஈரமாகவே இருந்ததில், முடியின் உள் அடுக்கு ஒன்று பாதிக்கப்பட்டிருந்தது. 15 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டினால் சேதம் குறைவு என்பது அவர்கள் முடிவு.

15 செ.மீ. என்பது ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலின் நீளம். முதலில் டவலால் ஒற்றி எடுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது அதிகச் சூடு வேண்டாம். முக்கால்வாசி காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள், மீதி தானே காயும்.

இதை மட்டும் மறக்காதீங்க

* பாத்ரூமில் டிரையர் வேண்டவே வேண்டாம். அணைத்து வைத்திருந்தாலும், ப்ளக்கில் இருக்கும் டிரையர் தண்ணீரில் விழுந்தால் ஷாக் அடிக்கும். அமெரிக்காவில் 1991 முதல் டிரையர் ப்ளக்கிலேயே இதற்கான பாதுகாப்பு கட்டாயம். நம் வீட்டில் அந்த வேலையைச் செய்வது மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதம் ஒரு முறை 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள்.
* பயன்படுத்தியதும் ப்ளக்கைக் கழற்றுங்கள். வயரைக் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றாதீர்கள். உள்ளே கம்பி அறுந்துபோகும்.
* ப்ளக் தொட முடியாத அளவு சூடானாலோ, கருகும் வாசனை வந்தாலோ பிடுங்கப் போகாமல் முதலில் மெயினை அணையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது 1,200 வாட்ஸ் டிரையர். சுவரில் இருக்கும் பாயின்ட்டில் நேராக மாட்டித்தான் ஓடுகிறது. அந்த 2,000 வாட்ஸ் டிரையரை, பவர் ப்ளக் வைத்திருக்கும் பார்லர் அக்காவிடமே கொடுத்துவிட்டேன். உருகிப்போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மட்டும் அம்மா தூக்கிப் போட விடவில்லை. ஆன்லைனில் நான் எதையாவது ஆர்டர் போட உட்காரும்போதெல்லாம், அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறார்!