பழைய காரும் சொந்தக் கையும்

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் பெபிள் பீச் என்ற இடத்தில் பழைய கார்களுக்கான அழகுப் போட்டி ஒன்று நடக்கிறது. 1950இல் தொடங்கியது. பழங்கார் ஆர்வலர்களிடையே அதைவிடப் பெருமையான பரிசு அரிது. பல பத்தாண்டுகளாக அங்கே வென்று வந்தவை பெரும்பாலும் ஆணி ஆணியாகப் பிரித்துக் கோத்து, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததைவிடவும் பளபளப்பாக்கப்பட்ட கார்கள். 2024இல் அந்த வழக்கம் முறிந்தது. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டு ஒருகாலத்தில் வைத்திருந்த, 1934ஆம் ஆண்டுப் புகாட்டி டைப் 59 கார் ஒன்று, தேய்ந்த பழைய வண்ணத்துடனேயே வந்து நின்று முதற்பரிசு பெற்றது. பழைமை மாறாமல் காக்கப்பட்டவற்றுக்கான பிரிவிலிருந்து ஒரு கார் அந்தப் பரிசை வென்றது அதுவே முதல் முறை.

இந்தத் தீர்ப்பை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் பழைய பொருளைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது என்று இதற்குப் பொருள் கொண்டுவிடக் கூடாது. தொண்ணூறு ஆண்டுகளாக ஒரு கார் தன் தோற்றத்தோடு நிற்கிறதென்றால், அத்தனை ஆண்டும் யாரோ அதற்கு எண்ணெய் இட்டிருக்கிறார்கள், ஈரம் துடைத்திருக்கிறார்கள். பெரும் புதுப்பிப்பு தேவைப்படாமல் காப்பது இத்தகைய சிறு கவனிப்புத்தான். அந்தக் கவனிப்பு உடையவரின் வீட்டில், உடையவரின் கையால் நடக்க வேண்டும் என்பது நம் கட்சி.

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் சீருடை அணிந்த ஓட்டுநரும் அரண்மனை வாயிலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அந்நிறுவனம் 1922இல் வெளியிட்ட 'ட்வென்டி' என்ற சிறிய காரைத் தாமே ஓட்டிக்கொள்ளும் உடைமையாளர்களை மனத்தில் வைத்தே வடிவமைத்தது. அதன் வழிவந்த 20/25 என்னும் கார் 1929 முதல் 1936 வரை ஏறத்தாழ 3,800 என்ற எண்ணிக்கையில் செய்யப்பட்டது. ஆறு சிலிண்டர், சுமார் 3.7 லிட்டர் எஞ்சின். திறக்கவே கூடாதென்று முத்திரையிட்ட மின்னணுப் பெட்டி எதுவும் அதில் கிடையாது. கழற்றலாம், பார்க்கலாம், துடைக்கலாம், மீண்டும் பூட்டலாம். பழுதுபார்க்கப்படுவதற்கென்றே பிறந்த பொருள் அது.

இத்தகைய கார்களைக் கெடுப்பவை பெரும்பாலும் சேறும் சோம்பலும்தான். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் துரு கலந்து, சிலிண்டர் பிளாக்கின் பின்பகுதியில் வண்டலாகப் படிகிறது. அதன் பிறகு ரேடியேட்டர் சுத்தமாக இருந்தாலும் வண்டி சூடேறும். கிராங்க் ஷாஃப்டின் உட்குழிகளில், சுழற்சியின் விசையால் எண்ணெய்க் கசடு ஒதுங்கிச் சேர்கிறது. இப்படிக் கசடு கட்டிய எஞ்சினில், அழுக்கைக் கரைக்கும் தன்மையுள்ள இக்கால எண்ணெயை அவசரப்பட்டு ஊற்றினால், ஒதுங்கிக் கிடந்ததெல்லாம் ஒருசேரக் கிளம்பிப் பேரிங்குகளுக்குப் போகும் வழியை அடைத்துவிடக்கூடும். முதலில் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். எண்ணெய் மாற்றம் அதன் பிறகுதான்.

வண்டிக்கூட்டின் கதை வேறு. அக்காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டுமே செய்து தந்தது. கூட்டைத் தனிப் பட்டறைகள் கட்டின. ஆஷ் மரத்தாலான சட்டத்தின்மேல் பெரும்பாலும் அலுமினியத் தகடு போர்த்தப்பட்டிருக்கும். கதவின் அடியில் மழைநீர் தேங்கினால், வெளியே வண்ணம் மின்னிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துவிடும். கதவு ஒரு நூலளவு தொய்ந்திருப்பதை நாள்தோறும் அதைத் திறந்து மூடுகிறவர் உணர்வார். ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கும் வல்லுநருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீட்டுப் பராமரிப்புக்கு நாம் சொல்லும் முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் பொறுமை. போருக்கு முந்திய பிரிட்டிஷ் கார்களின் நட்டுகள் விட்வொர்த், பி.எஸ்.எஃப். அளவுகளில் அமைந்தவை. அவற்றுக்கான பழைய ஸ்பேனரில் பொறித்த எண், நட்டின் அகலத்தைக் குறிக்காமல் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று ஏறக்குறையப் பொருந்துவதுபோல் இருக்கும். அவசரத்தில் அழுத்தித் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிப்போகும். மணிக்கணக்குப் பார்த்துக் கூலி பெறும் பட்டறைக்கு அவசரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தம் வண்டியின் முன் அமர்பவருக்கு அது இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் இக்காலத்தது. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. இந்தியாவில் 2025இல் அந்தக் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பரைக் கெடுக்கும். சில பழைய கார்பரேட்டர்களில் தக்கையாலான மிதவைக்கு அரக்குப் பூச்சு இட்டிருப்பார்கள். அரக்கு சாராயத்தில் கரையும் என்பது நம் ஊர்த் தச்சர்கள் அறிந்த செய்தி. ஆகவே ஓடாமல் நிற்கும் வண்டியில் எரிபொருளை மாதக்கணக்கில் தேங்க விடலாகாது. இதைக் கவனிக்க அறிவைவிட அருகாமைதான் அதிகம் தேவை.

நூல்களோடு புழங்குகிற நமக்கு இந்த அறம் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைப் பதிவுசெய்தார். சிதைந்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்பி அதையே மூலம் என்று சொல்பவரை நாம் நல்ல பதிப்பாசிரியராகக் கொள்வதில்லை. காருக்கும் இது பொருந்தும். மாற்றிய பாகத்தைக் குறித்துவைக்க வேண்டும். கழற்றிய பழையதை எறியாமல் வைத்திருக்க வேண்டும். பின்வருபவர் திரும்பப் பெற முடியாதபடி எதையும் செய்யலாகாது.

மறுதரப்பின் வாதத்தையும் மதிக்கிறோம். பழகாத கை பல நல்ல வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் பிறர் உயிரோடு தொடர்புடையவை. ஒயிட் மெட்டல் பேரிங்கை உருக்கி வார்த்துக் கடைவதற்குத் தேர்ந்த பட்டறை வேண்டும். இவற்றை உரியவரிடம் ஒப்படைப்பதே முறை. ஆனால் எண்ணெய், தண்ணீர், கிரீஸ், பிளக், துரு, தூசி ஆகியவற்றையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டால், உடையவர் தம் காருக்கே விருந்தாளி ஆகிவிடுகிறார். செல்வர்களின் விளையாட்டு இது என்பாரும் உண்டு. வாங்குவது செல்வர்களாக இருக்கலாம்; காத்து வந்ததில் பெயர் தெரியாத பல மெக்கானிக்குகளின் கைகளும் உண்டு. அந்தக் கைகள் கற்றது அவர்களோடு மறைகிறது என்பதே நம் கவலை.

இந்தியாவில் 2021 ஜூலையில் வெளியான மோட்டார் வாகன விதித் திருத்தம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவில் பராமரிக்கப்படும் வண்டிகளை விண்டேஜ் எனத் தனியே பதிவுசெய்ய வழிசெய்தது. அடிச்சட்டத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அன்றாடப் போக்குவரத்துக்கு அவற்றை ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். பழைய காரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டும் பழக்கமுள்ள நாட்டில் இது நல்ல விதியே. ஆனால் மூல வடிவம் காகிதத்தில் மட்டும் நிலைத்துவிடாது. பராமரிப்புக்காக ஓட்டலாம் என்று தரப்பட்ட இடத்தை உடையவர்கள் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு காருக்கும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எது, எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்று அதில் எழுதப்படட்டும். ஊரில் எஞ்சியிருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரை மாதம் ஒருமுறை வீட்டுக்கு அழைத்து, வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஸ்பேனரை முதலில் அவர்கள் பிடிக்கட்டும்.